பெரைரா பெயர் நெய்த பாய்

ஏரல்
28-10-1996

அன்பு மகன் சேர்மத்துரைக்கு அப்பா எழுதுவது. இங்கன நானும் உன் அம்மாவும் கடையும் நல்லபடி இருக்கிறோம், பிளேன் ஓட்டப் போன அந்தச் சீமையில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்போடு இருக்க வேண்டும். மழை பிடித்துவிட்டது, ஆற்றில் கலங்கல் தண்ணீர் போகிறது, தவிட்டு மூட்டை புண்ணாக்கு மூட்டை எல்லாம் பலகை மேல் ஏற்றியாச்சு.

உன் கடிதம் கிடைத்தது. போர்த்துகீசு பாஷைப் பரீட்சையில் இரண்டாம் தடவையும் கவிழ்ந்ததையும், டிசம்பரில் தேறாவிட்டால் கம்பெனி டிக்கெட் எடுத்து ஊருக்கே அனுப்பிவிடும் என்பதையும் படித்தேன். ஏலே, இரண்டாயிரம் மணி நேரம் பிளேன் ஓட்டினவனை உட்கார வைத்து உங்கள் வீட்டில் மீன் எப்படிச் சுடுவீர்கள், கடற்கரையில் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று அந்தப் பரீட்சைக்கார பெரைரா கேட்டாராமே. புண்ணாக்கு வாங்க வருகிறவனிடம் உம்ம மாட்டுக்கு என்ன பாட்டு வே பிடிக்கும் என்று நான் கேட்டால் கடை நடக்குமா? தானியேல் வாத்தியாரிடம் சொன்னேன். சாவி, சன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசுக்காரன் விட்டுவிட்டுப் போன சொல்லுதான் அண்ணாச்சி, பாதி வீடு உம்ம பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும் என்கிறார். பிளேனில் சன்னலையும் திறக்க முடியாது, அலமாரியும் கிடையாது, தெரிந்து என்ன செய்ய.

மேலப்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்த காலத்தில் நான் எந்தப் பரீட்சை எழுதினேன்? மலையாளத்தான் வந்தாலும் கன்னடத்தான் வந்தாலும் துண்டைப் போட்டு மூடி உள்ளே விரலைப் பிடித்தால் விலை முடிந்தது. இதை உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஆகாசத்துல துண்டைப் போட்டு யாரு விரலைப் பிடிப்பான், நீங்க போய்ப் பிடிப்பியளோ என்று கேட்டாள். சட்னியில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

இனி உன்னிடம் மறைக்கக் கூடாத சங்கதி. எந்த ஆபீசிலும் ஒரு வழி இருக்கும் என்பதுதான் நான் முப்பது வருசமாகக் கண்டது. அதனால் நீ முதல் தடவை கவிழ்ந்ததுமே பத்தமடைக்குப் போய், மாப்பிள்ளை பொண்ணு பெயர் போட்டுக் கல்யாணப் பாய் நெய்கிற மைதீன் பாத்திமாவிடம் பட்டுப் போல ஒரு பாய்க்குச் சொல்லி, அதில் பெரைரா பெயரையும் நெய்யச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை பேரு மட்டும் சொல்லுதிய, பொண்ணு பேரு எங்க மொதலாளி என்று கேட்டாள். இது கல்யாணம் இல்லை தாயி, பரீட்சை என்றேன். அப்படி ஒரு பாயை எங்க வீட்டுல யாரும் நெய்தது இல்லை என்று சொல்லி, இந்தப் பக்கம் பெயரை முடித்தவள் அந்தப் பக்கத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்தாள்.

போன வாரம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் ஓரத்தில் பொடி எழுத்தில் நீ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. மழைக்குள் இறங்கும்போது கீழே இருந்து ரேடியோவில் பேசுகிறவர் அவர் பாஷையில் படபடவென்று ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை, பக்கத்தில் இருந்த பைலட் சட்டென்று பிளேனை மேலே தூக்கினார், ஓடுபாதையில் இன்னொரு பிளேன் நின்றது, நல்ல வேடிக்கை என்று. ஏலே, இதுவா வேடிக்கை? தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து அந்த வரியையே திரும்பப் படித்தேன். பாயை வாங்கிக்கொண்டு உன்னைத் தேற்றிவிடுகிற ஆள், உனக்கு முன்னால் எத்தனை பேரிடம் என்னென்ன வாங்கிக்கொண்டு தேற்றியிருப்பார்? அதில் ஒருத்தன் அந்த மழையில் உனக்கு எதிரே வந்தால்? பெரைரா உன்னை இரண்டு தடவை கவிழ்த்த போதே நேர்மையான ஆள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துண்டுக்குள் விரல் பிடித்த கதையிலும் பாதியைத்தான் இதுவரை சொல்லியிருக்கிறேன். நான் மலையாளம் படித்தது, பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அந்தப் பாஷையில் பேசிவைத்து என்னை ஒரு ஜோடி காளையில் ஏமாற்றிய பிறகு. நீயும் புத்தகத்தை மூடிவிட்டுத் தினமும் காலையில் மீன் சந்தைக்குப் போ. அவர்கள் பாஷையிலேயே பேரம் பேசு, நாலு நாள் ஏமாறு, அஞ்சாவது நாள் வாய் தானாகத் திறக்கும். மீன் எப்படிச் சுடுவது என்று அங்கே விற்கிறவளிடமே கேள், அந்தக் கேள்விக்கும் பதில் ஆச்சு. மாடி ஏறி இறங்கும்போது மட்டும் பையப் போ, உனக்கு முழங்கால் வலி உண்டு.

டிசம்பரிலும் தேறாமல் போனால் தலையைத் தொங்கப் போடாமல் வா. பிளேன்காரன் தவிடு அள்ளுகிறான் என்று ஊர் ஒரு மாசம் சிரிக்கும், பிறகு அவர்களும் தவிடு வாங்க நம்ம கடைக்குத்தான் வர வேண்டும். புரியாத பாஷையைத் தலையில் வைத்துக்கொண்டு மழைக்குள் மட்டும் இறங்காதே.

நம்ம ஊர்ச் சேர்மன் சாமி துணை இருக்கட்டும், நீ ஏறுகிற தடவை எல்லாம் நல்லபடி இறங்க வேண்டும். அம்மா உனக்கு விபூதி மடித்து வைத்திருக்கிறாள். ஒன்றை மறக்காதே, தூத்துக்குடியில் ஒரு பெரைரா வீட்டில் தை மாதம் கல்யாணமாம், தானியேல் வாத்தியார்தான் அவர்களுக்கு நம்ம பாயைப் பேசி முடித்தார். காலியாக இருந்த பக்கத்தில் மைதீன் பாத்திமா இப்போது ரோஸ்லின் என்று நெய்துகொண்டிருக்கிறாள். பாய் விற்றுப் போச்சு, இனி நீ படித்துத்தான் தேற வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
சு. முத்துமாலை