அமுங்காத வயிறு

அண்ணாச்சி,

இன்றைக்குக் காலையில் குற்றாலம் மெயினருவிக்குப் போகிற வழியில் மசாஜ் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. கல்மேடையில் ஆட்களை வரிசையாகக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் குளிக்காமலே திரும்பிவிட்டேன். இதுவரை குளிக்காமல் இருப்பதற்கு எனக்குச் சோம்பேறித்தனம் ஒன்றுதான் காரணமாக இருந்தது. இப்போது நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள்.

போன சீசனில் அதே மேடையில்தான் மல்லாந்து கிடந்தீர்கள். எண்ணெய் தேய்த்தவன் உங்கள் வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. இடப்பக்கம் அமுக்கினான், வலப்பக்கம் அமுக்கினான், மறுபடியும் வலப்பக்கம்.

"இந்தப் பக்கம் அமுங்க மாட்டேங்கு அண்ணாச்சி. தொந்தின்னா ரெண்டு பக்கமும் அமுங்கணும்லா. ஒரு டாக்டர்ட்ட காட்டிருங்க."

நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. "ஏலே, இது முப்பது வருச போலீஸ் சர்வீஸு. ஒங்கையி அமுக்குனா அமுங்கிருமோ?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து அதை எழுதியும் அனுப்பினேன்.

தென்காசி மாதப் பத்திரிகையில் எனக்கு ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். ஆலங்குளத்தில் ஆபீஸில் உட்கார்ந்து கோப்பு தள்ளுகிறவனுக்கு ஊரில் ஒரு பெயர் கிடைத்ததே அந்தப் பக்கத்தால்தான். அந்தப் பக்கம் ஓடியது உங்கள் வயிற்றால். புளியறை செக்போஸ்டில் லாரிக்காரர்கள் தடுப்புக் கம்பத்தைப் பார்த்து நின்றதில்லை, உங்கள் வயிற்றைப் பார்த்துத்தான் நின்றார்கள் என்று எழுதினேன். நீங்கள் அந்த இதழை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கே கொண்டுபோய் ஒவ்வொருத்தருக்கும் காட்டினீர்கள். "அடுத்த மாசம் ரெண்டு இஞ்சு கூட்டி எழுதுலே" என்று என்னிடம் சிபாரிசு வேறு. ரிட்டயர்டு போலீஸ்காரருக்குத் தொந்தி இருந்தால் நம் ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? இல்லாமல் இருந்தால்தான் விசாரிப்பார்கள்.

அதற்கும் ஒரு வருடத்துக்கு முன்னால் இன்னொன்று எழுதியிருந்தேன். அண்ணாச்சியின் கையும் காலும் குச்சியாகிக்கொண்டே வருகின்றன, தின்பதையெல்லாம் நடுவழியில் வயிறே பறிமுதல் செய்துகொள்கிறது என்று. அதற்குத்தான் எனக்கு அதிகமாகப் பாராட்டு வந்தது.

கார்த்திகையில் உங்களுக்கு முதுகுவலி வந்தது, வலது கால் வீங்கியது. மதினி அழுது பிடித்த பிடியில் ஸ்கேன் எடுக்கச் சம்மதித்தீர்கள். படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். குடலுக்குப் பின்னால், முதுகை ஒட்டி ஒரு கொழுப்புக் கட்டி. அபூர்வமாக வருவது. வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் வளர்ந்து வலது கிட்னியை நசுக்கிவிட்டது. கேன்சரா இல்லையா என்பது முழுசாக எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகும். எழுபதை நெருங்குகிற உடம்புக்குப் பெரிய ஆபரேஷன்தான், ஆனால் விட்டுவைக்க வழியில்லை.

பிறகு டாக்டர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வயிறு பெருத்துக்கொண்டே போகும்போது கை இவ்வளவு மெலிந்திருக்கிறதே, வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

நீங்கள் என்னைக் காட்டிச் சிரித்தீர்கள். "இந்தப் பய எப்பவோ கவனிச்சிட்டாம்லா டாக்டர். பத்திரிகையிலயே போட்டான்."

டாக்டர் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய நகைச்சுவைக்குக் கிடைத்த சரியான விமர்சனம் அதுதான்.

திருநெல்வேலியில் ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. நசுங்கிய கிட்னியையும் சேர்த்து எடுத்தார்கள். வெளியே காத்திருந்த எங்களைக் கூப்பிட்டு, எடுத்ததை ஒரு பெரிய தட்டில் வைத்துக் காட்டினார்கள். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பார்த்தேன். மஞ்சளாக, வழவழவென்று, சீசனுக்கு வந்து இறங்கும் பலாப்பழம் அளவுக்கு இருந்தது. இத்தனை வருடமாக உங்களைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு நான் எழுதியதெல்லாம் இதைப் பற்றித்தான்.

மூன்றாம் நாள் நன்றாகத்தான் இருந்தீர்கள். போர்வைக்குக் கீழே வயிறு தட்டையாகக் கிடந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே எதலே எழுதுவ?" என்று கேட்டீர்கள். உங்கள் காது இருக்கிறது அண்ணாச்சி என்றேன். சிரிக்கப் போய், தையல் இழுத்து, வேண்டாம்லே என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

மறுநாள் எழுந்து நடக்கச் சொன்னார்கள். நாலு எட்டு வைத்தீர்கள். மூச்சு முட்டுது என்று கட்டிலில் உட்கார்ந்தவர்தான். காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். பெரிய ஆபரேஷனில் இப்படி நேர்வதுண்டு என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்க நான்தான் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பிரித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தந்தாள்.

"நல்ல ரிசல்ட் சார். கேன்சர் இல்ல, வெறும் கொழுப்புக் கட்டிதான். பேஷண்ட்ட சொல்லிருங்க, பயந்துக்கிட்டு இருப்பாங்க."

சரிம்மா என்றேன். ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதோடு வந்திருக்கலாம். டாக்டரையும் போய்ப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் சின்னதாக இருந்திருக்கும், கிட்னி தப்பியிருக்கும், ஒரு வாரத்தில் வீட்டுக்கு நடந்தே போயிருப்பார் என்றார். நேரத்தோடு யாராவது பார்த்திருக்கலாம் என்றார்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மதினி கேட்டுவிட்டார். பத்து நாள் யோசித்து வைத்திருந்த கேள்வி என்பது குரலிலேயே தெரிந்தது.

"தம்பி, அது கெட்ட கட்டிதான? எப்படிப் பாத்தாலும் தங்கியிருக்க மாட்டாகல்லா?"

"ஆமா மதினி. கெட்ட கட்டிதான்."

"அப்பம் சரி. கெடந்து சீரழியாமப் போனாக." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

ரிப்போர்ட் என்னிடம்தான் இருக்கிறது. கிழித்துப் போடவும் கை வரவில்லை. இதை எழுதுவதில் எனக்குப் பயமில்லை, மதினி என் பக்கத்தைப் படிக்கிறவர் இல்லை. அவருக்குப் படித்துக் காட்டுகிறவர் நீங்கள்தான். பத்திரிகைக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார், சிரிக்கிற மாதிரி ஏதாவது அனுப்புங்க என்று. பேனாவை எடுத்தால் உங்கள் மணிக்கட்டுதான் தெரிகிறது.

உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது கொல்கிற கட்டி இல்லை. நேரத்தோடு யாராவது பார்த்திருந்தால் போதும்.

நான் பார்த்தேன், அண்ணாச்சி. பார்த்துத்தான் எழுதினேன்.