நாற்காலிக்குப் பின்னால் உள்ள சுவர்

ஒக்டோபர் 11, சனி

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். தெரிவுக்கு இரண்டு வெள்ளை நிறங்கள், ஒன்றில் மஞ்சள் ஒரு துளி கூட. மூன்று வாரமாக அம்மா எது என்று முடிவு சொல்லவில்லை. நேற்று எரிந்து விழுந்தேன்: "ரெண்டும் ஒண்டுதானேம்மா, கண்ணை மூடிக்கொண்டு ஒண்டைச் சொல்லுங்கோவன்."

இன்று பெயின்டர் இரண்டையும் சுவரில் பூசிக் காட்ட வந்தார். வெளிச்சம் நன்றாக விழும் இடம் பார்த்து, சுவரோரம் இருந்த அப்பாவின் நாற்காலியை நகர்த்தினார்.

"அதில வேண்டாம்," என்றார் அம்மா, அவசரமாக.

அப்போதுதான் கண்டேன். நாற்காலிக்குப் பின்னால் சுவரில், அப்பா தலை சாய்க்கும் இடத்தில், அவரது தலை எண்ணெயின் கறை, உள்ளங்கை அளவு.

"இந்தக் கறையைச் சுரண்டி, மேல வராம அடைக்க சீலர் அடிக்கணும்மா. இல்லாட்டி எந்த வெள்ளை அடிச்சாலும் கறை திரும்ப மேல வந்துரும்," என்றார் பெயின்டர்.

"வருமோ?" என்று கேட்டார் அம்மா. அந்தக் குரலில் இருந்தது பயமில்லை, ஆசை. மூன்று வாரமாக அம்மா தள்ளிப்போட்டது நிறத்தை அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

பெயின்டர் போனபின் அம்மா சொன்னார்: "நீயே ஒண்டைச் சொல்லு பிள்ளை. சுரண்டட்டும். சுரண்டுற அண்டைக்கு நான் இங்க நிக்கேல்ல, கிருலப்பனைக்குப் போறன், சின்னம்மா வீட்ட."

பெயின்டருக்குப் போன் எடுத்து மஞ்சள் கூடியதைச் சொல்லிவிட்டேன். திங்கள் வருகிறாராம். சாவியைக் கொடுத்துவிட்டு நானும் வேலைக்குப் போகலாம். ஆனால் லீவு போட்டிருக்கிறேன். அவர் சுரண்டும்போது எங்களில் ஒருவராவது பக்கத்தில் நிற்க வேண்டும்.