சந்தனத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்

12 மார்ச் 1984, திங்கள்

சம்பள வேலையை விட்டு, வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை போட்டபின் இன்றுதான் முதல் வண்டி. சிராங்கூன் ரோட்டில் பூக்கடை வைத்திருக்கும் சேகரண்ணன் புது வேனுக்குக் காத்தோங் பிள்ளையார் கோயிலில் பூசை போட்டு, நேராக என்னிடம் கொண்டுவந்தார். கதவெல்லாம் சந்தனம். நானோ சர்ச்சுக்குப் போகிறவன். இன்னொருவர் சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கை வரவில்லை. அதன் மேலேயே அவர் கடைப் பெயரை ஒட்டிவிட்டேன்.

மாலையில் வேன் திரும்பி வந்தது. பாதி எழுத்து பிய்ந்து காற்றில் ஆடியது. முதல் வண்டியோடு தொழில் முடிந்தது என்றே நினைத்தேன்.

"அந்தோணி, ஸ்டிக்கர் ஒட்டுனியா, கொடி ஏத்துனியா?"

"சந்தனத்தைத் தொடைக்கப் பயமா இருந்துச்சுண்ணே. உங்க பிள்ளையார் கோவிச்சுக்கிட்டா?"

"பூசைதான் முடிஞ்சிடுச்சே லா! கேட்டிருந்தா நானே தொடச்சிருப்பேன்ல?"

சோப்புத் தண்ணீர் வாங்கி, தம் துண்டாலேயே துடைக்க ஆரம்பித்தார்.

"நல்லாத் தொடைக்கிறீங்கண்ணே. பூக்கடைய விட்டுட்டு நம்மகிட்ட வேலைக்கு வந்துடுங்க."

"ஒட்டத் தெரியல, வாயப் பாரு!"

மறுபடி ஒட்டினேன். நகத்தால் கிளறினாலும் அசையவில்லை. வேறு ஆள் என்றால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

ராத்திரி ஜெபத்தில் அவர் பெயரையும் சத்தமாகச் சேர்த்துவிட்டேன்.

"சேகரா? அது எந்தப் புனிதர்?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

"சிராங்கூன் ரோட்டுப் புனிதர்" என்றேன்.