அத்தையின் அறையை விட்டுக் கிளம்புகிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நீங்களும் அப்பாவும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

எனக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அத்தையிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. இத்தனை வருஷம் இங்கே தனியாக உழைத்தவர், என்னை வரவழைத்து, தான் வேலை செய்யும் சலவைக்கூடத்திலேயே சேர்த்துவிட்டு, தன் கட்டிலையும் தந்துவிட்டுத் தரையில் படுத்தவர். நேற்று சாப்பிடும்போது ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"அப்பாடா! இனிமே உன் குறட்டை இல்லாம தூங்கலாம்டி" என்று சிரித்தார். இன்று பார்த்தால், சலவைக்கூடத்துக்குத் திருப்பித் தரவேண்டிய சீருடையையும் சேர்த்து இஸ்திரி போட்டு என் பெட்டியில் அடுக்கியிருக்கிறார்.

அம்மா, எனக்கு ஒரு போர்வை அனுப்புங்கள். அத்தைக்கும் ஒன்று, உங்கள் பெயரிலேயே. அந்தப் பழைய சண்டை போதும். உங்களோடு பேசிவிட்டு நான் போனை வைக்கும் போதெல்லாம், "உங்கம்மா என்னை விசாரிச்சாளா?" என்று கேட்பார். "கேட்டாங்க அத்தை" என்று பொய் சொல்லி வந்தேன். இனி அதைச் சொல்ல நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். நீங்களே கூப்பிட்டு விசாரித்துவிடுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்