சண்டியின் மடி

3.3.2018
இன்றும் பந்தயம் தொடங்கும் ஸ்டார்டிங் கேட்டுக்குள் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள், நான் பராமரிக்கும் குதிரை. "உன் மாமியாரே தேவலாம்" என்றான் என்னிடம், பந்தயத்தில் அவளை ஓட்டும் என் அண்ணன். நான் காதைத் தடவிக் கெஞ்சிய பிறகுதான் நுழைந்தாள். கதவு திறந்ததும் யார் கண்ணிலும் அகப்படவில்லை. பதினோரு பந்தயத்தில் ஏழாவது வெற்றி. சண்டி என்று பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரை போட வேண்டும்; வைத்தவள் நான்தான்.

24.3.2018
சண்டிக்கு முன்னங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. "இனிமே ஓட்டம் கிடையாது" என்றார் டாக்டர். முதலாளி அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "குட்டி போடுமில்ல?" என்று மட்டும் கேட்டார். இனப்பெருக்கப் பண்ணைக்கு அனுப்புகிறார்கள். அவளைக் கவனிக்க நானும் போகிறேன்.

11.6.2019
இந்த வருடமும் சினை தங்கவில்லை.

20.4.2020
தங்கிவிட்டது! ஸ்கேனில் பொட்டு மாதிரி ஒரு துடிப்பு. டாக்டர் முன்னாலேயே அழுதேன். என்ன நினைத்தாரோ.

16.2.2021
விடிந்து வெகு நேரம் கழித்துப் பிரசவம். பெண் குட்டி. மூச்சில்லை.
நக்கிக்கொண்டே இருக்கிறாள். எழுந்திரு, எழுந்திரு என்கிற மாதிரி மூக்கால் தள்ளுகிறாள். நான் என்னடி செய்வேன்?

17.2.2021
பக்கத்துக் கொட்டிலில் சாம்பல் என்கிற குதிரை முந்தாநாள் குட்டி ஈன்று, ரத்தப்போக்கில் செத்துப்போனது. அதன் ஆண் குட்டி புட்டிப்பாலைத் தொடவில்லை. சண்டியிடம் விட்டோம், உதைக்கப் போனாள்.
டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "செத்த குட்டியோட தோலை இதுக்குப் போர்த்தினா, வாசனைய நம்பிச் சேத்துக்கும்மா."
அவர் கத்தியைப் பிடித்தார். நான் சின்னக் கால்களைப் பிடித்தேன். எப்படிப் பிடித்தேன்—தெரியவில்லை.
தோலைப் போர்த்திக் கொண்டுபோய் விட்டதும் சண்டி மோந்து பார்த்தாள். தொண்டைக்குள் மெதுவாகக் கனைத்தாள். குட்டிப் பயல் அவள் மடியில் முட்டிக் குடித்தான்.
ஒரு உயிர் பிழைத்தது. அவளை ஏமாற்றியது நான்தானே?

21.2.2021
தோலை எடுத்துவிட்டோம். அவள் அவனை விலக்கவில்லை. முதலிலிருந்தே தெரியுமோ அவளுக்கு?

9.8.2021
சின்னவனைப் பால் மறக்க வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சண்டியை விற்றுவிட்டார்கள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'உயிருள்ள குட்டி: இல்லை' என்று இருக்கிறது.
"இவன வளத்தது அவதானே ஐயா?"
"பால் குடுத்ததுக்கெல்லாம் ரிஜிஸ்டர்ல இடம் இல்லம்மா" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.
லாரி கிளம்பும்போது அவள் கத்தினாள். அவனும் கத்தினான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

30.11.2022
சண்டி போய்விட்டாள். வயிற்று வலியாம். வாங்கினவரின் காவலாளி போனில் சொன்னார். புதைத்துப் பத்து நாளாகிறதாம். பத்து நாளாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சாப்பிட்டேன், தூங்கினேன்.

14.1.2024
சின்னவனின் முதல் பந்தயம். அண்ணன்தான் ஓட்டினான். கழுத்து நீள வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டான். மைக்கில் தாய் பெயராகச் சாம்பலின் பெயரைச் சொன்னார்கள். தப்பில்லை, பெற்றவள் அவள்தான்.
லாயத்தில் வியர்வையைக் கழுவிவிடும்போது அவன் காதோடு சொன்னேன்: "உங்கம்மா இருந்திருந்தா பாத்திருப்பாடா."
"எந்த அம்மா?" என்றான் அண்ணன்.
நான் திரும்பவில்லை. இன்னொரு வாளித் தண்ணீர் கேட்டேன். அவன் கேள்வியை விட்டுவிட்டு எடுத்து வரப் போனான்.