திரும்பும் இடம்

டொராண்டோ,
பிப்ரவரி 9

அன்புள்ள ஓரெஸ்ட் அண்ணா,

நலமா? போனில் பேசினால் அம்மா உன் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால்தான் கடிதம்.

முப்பத்திரண்டு வயதில் மறுபடி பியானோ மாணவியாகி, பொடிசுகளோடு பயிற்சி அறைக்கு வரிசையில் நிற்கிறேன். காலையில் விரல்களுக்கு வெறும் ஸ்கேல், நம்ம சரிகம வரிசை மாதிரி. பிறகு தாளம் தட்டும் மெட்ரோனோமை மெதுவாக ஓடவிட்டு, ஏப்ரல் கச்சேரிக்கான சொனாட்டா. தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். கடைசிப் பகுதியில் ஒரே வரி இரண்டு தடவை வரும். முதல் தடவை அங்கிருந்து அந்தப் பகுதியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும், இரண்டாம் தடவை முடிவுக்குப் போக வேண்டும். வித்தியாசம் இடது கையில் ஒரே ஒரு சுரம்தான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இரண்டாம் தடவையும் தொடக்கத்துக்கே போய்விட்டேன். பாதியில் தெரிந்து நிறுத்தினேன். "பியானோக்காரங்க எல்லாரும் விழுற குழிதான் இது, நானே விழுந்திருக்கேன்" என்றார் விட்லாக் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இந்த மறதி எப்படி ஆரம்பித்தது அண்ணா? அப்போது அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். நான் சின்னவள் என்று எதையும் சொன்னதில்லை நீங்கள். மறைக்காமல் எழுது.

என் பயிற்சிப் பதிவைப் பென்டிரைவில் அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை,
ஹாலியா

டாஃபின், மானிடோபா,
பிப்ரவரி 21

ஹாலியா குட்டி,

உன் பதிவைப் பள்ளிக்கூட பஸ்ஸில் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன். "ஓரெஸ்ட், வேற பாட்டே இல்லையா?" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். உன் புண்ணியத்தில் எனக்கே அந்த இடம் அத்துப்படி. வரும்போதெல்லாம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

கேட்டாய், சொல்கிறேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மா வைத்த பீட்ரூட் சூப்பை அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "உப்ப ரெண்டு தடவ போட்டுட்டியா?" என்றார். "ஒரு தடவதான் போட்டேன். உங்க நாக்குதான் கெட்டுப்போச்சு" என்றாள் அம்மா. சத்தியமாக அப்படித்தான் நம்பினாள். இரண்டாம் தடவை போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதுதான் வித்தியாசம். தப்பு உனக்கே தெரிகிறவரை ஒன்றுமில்லை. பயப்படாதே. வேளைக்குச் சாப்பிடு.

ஓரெஸ்ட்

டொராண்டோ,
ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணா,

முடித்துவிட்டேன். நேற்றுக் கச்சேரியில் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அந்த இடம் வந்தபோது உன் ஸ்டியரிங் நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே முடிவுக்குப் போனேன். நீ சொன்னதை நம்பித்தான் தினமும் பியானோ முன்னால் உட்கார்ந்தேன்.

டீச்சர்தான் என்னவோ போல இருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போய்த் தூங்கு, ஹாலியா" என்றார். ஒரு பாராட்டு சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மே மாதக் கடைசியில் இதே சொனாட்டாவைப் பெரிய அரங்கில் வாசிக்க வேண்டும். நீயும் அம்மாவும் கம்ப்யூட்டரில் கேட்டீர்கள்தானே? எழுது.

உன்
ஹாலியா

டாஃபின்,
மே 2

ஹாலியா,

உன் கடிதத்தைப் பஸ்ஸிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன்.

கேட்டோம். அம்மா கைதட்டினாள். அந்த இடம் முதல் தடவை வந்தது, தொடக்கத்துக்குப் போனாய். அது சரி. இரண்டாம் தடவையும் தொடக்கத்துக்கே போனாய். நிறுத்துவாய் என்று பார்த்தேன், நீ நிறுத்தவில்லை. மூன்றாம் தடவையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் முடித்தாய். என் காதில்தான் கோளாறாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பதிவைத் திரும்பவும் கேட்டேன். கோளாறு இல்லை.

பயப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, எனக்கே பயமாக இருக்கிறது. வின்னிபெக்கில் அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் பரிசோதனைக்கு நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்திருக்கிறேன். எனக்கும் அதே அம்மாதானே.

பயிற்சியை விடாதே. வரும் ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ வாசி, நான் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் தடவை வந்ததும் கதவைத் தட்டுகிறேன்.

என்னைத் திட்டு, கோபித்துக்கொள். "உன் காதுதான் கெட்டுப்போச்சு" என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அண்ணன்,
ஓரெஸ்ட்