வர்த்தகம் நடக்காத வரி

மார்ச் 11, 08:10
நிலவின் தென்துருவம், பனிக்கட்டி அகழ்வு நிலையம். எழுதுவது ஆறுமுகநயினார், பொறியாளர், இங்கிருக்கும் ஒரே ஆள். துளைப்பான் சரி. ஆக்சிஜன் 34 நாளுக்கு; பனியிலிருந்து அதைப் பிரிக்கும் கருவி இங்கில்லை. சரக்குக் கப்பல் கயல் 26ஆம் தேதி வர வேண்டும். கம்பெனிச் செய்தி: "கயலில் சிறு பரிசோதனை. கவலைப்பட ஒன்றுமில்லை." இப்படி யாராவது சொன்னால்தான் எனக்குக் கவலையே வரும்.

18ஆம் தேதி 16:40க்குச் சுற்றுக்கலம் தலைக்கு மேல் வரும். மீட்புக்கூண்டில் ஏறி அதைப் பிடித்தால் வீடு. விட்டால் ஜூன்தான். ஆனால் நான் போனால் குழாய்கள் உறைந்து வெடிக்கும், நான்கு வருட உழைப்பு பாழ்.

மார்ச் 12, 13:30
கயல் வருமா என்று கம்பெனியைக் கேட்டுப் பயனில்லை. அதன் பங்கில் பந்தயம் கட்டுபவர்களைக் கேட்கலாம். ஒரு பங்கைப் பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமைதான் ஆப்ஷன். அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதிலிருந்து, பங்கு எவ்வளவு ஆட்டம் போடும் என்று அவர்கள் நினைப்பதைக் கணக்கிடலாம். அதன் பெயர் இம்ப்ளைடு வொலட்டிலிட்டி. பயம் ஏறினால் அந்த எண்ணும் ஏறும்.

இலவசமாகத் தருவதாகச் சொன்ன முதல் தளம் கார்டு எண் கேட்டது. இரண்டாவதில் எண் இருந்தது, தேதி இல்லை. மூன்றாவதின் விளம்பரமே என் ஒரு நாள் ஒதுக்கீடான நாற்பது கிலோபைட்டை விழுங்கிவிட்டது.

மார்ச் 13, 17:45
என் மனைவி சுகந்தியின் தம்பி சொரிமுத்து அம்பாசமுத்திரத்திலிருந்து: "அத்தான், ஸ்டாக் எக்ஸ்சேஞ்சே தெனமும் சாயங்காலம் வெலப்பட்டியல சும்மா போடுதான். அதுல உங்க கம்பெனி வரிய மட்டும் வெட்டி அனுப்புதேன். பதினெட்டாந் தேதி கூண்டுல ஏறி வாரீயளான்னு அக்கா கேக்கா."

கப்பல் வந்த பிறகு, ஏப்ரல் கடைசியில் முடியும் ஆப்ஷன். ஒரே ஒரு வரி. தேதி, பங்கு விலை, ஆப்ஷன் விலை. பின்னோக்கிக் கணக்குப் போட்டேன்: 24 சதவீதம். சாதாரண நாட்களின் எண். அப்பாடா.

மார்ச் 16, 17:50
25.

மார்ச் 18, 15:55
நேற்று மாலைப் பட்டியலில் 26. கம்பெனி: "கயல் திட்டப்படி புறப்பட்டது." கூண்டின் கதவு வரை போனேன். பயம் இருந்தால் சந்தை இப்படித் தூங்காது. திரும்பி வந்துவிட்டேன்.

16:40. சுற்றுக்கலம் போய்விட்டது.

மார்ச் 18, 19:05
24, 25, 26. இவ்வளவு ஒழுங்காக எந்தச் சந்தையும் ஏறாது. முழு வரியையும் அனுப்பச் சொன்னேன்.

"இடம் பத்தாதுன்னு கடைசி கட்டத்த வெட்டிட்டேன் அத்தான். அன்னன்னைக்கி எத்தன வியாபாரம் ஆச்சுங்கிற கணக்கு. ஒம்பதாந் தேதிக்குப் பொறவு எல்லா நாளும் பூஜ்யம்."

ஒன்பதாம் தேதிக்குப் பிறகு அந்த ஆப்ஷனை யாருமே தொடவில்லை. பட்டியல் பழைய விலையையே தினமும் திரும்பப் போட்டிருக்கிறது. பங்கும் நகரவில்லை. விலை மாறாமல் நாள் மட்டும் குறைந்தால் என் சூத்திரத்தில் எண் தானாக ஏறும். நான் படித்தது சந்தையை அல்ல, காலண்டரை. மடையன். மடையன்.

மார்ச் 20, 18:20
வியாபாரம் நடந்த மற்ற ஆப்ஷன்களின் வரிகள் வந்தன. 118 சதவீதம். கம்பெனியிடம் மூன்று முறை கேட்டேன். "எல்லாம் சரி." நடமாட்டத்தைக் குறைத்துப் படுத்தே இருக்கிறேன்.

மார்ச் 23, 17:40
சொரிமுத்து: "அத்தான், பத்தொம்பதுக்கு எறங்கிட்டு! பயம் போச்சு! பங்கும் ஒம்பது சதவீதம் ஏத்தம்!"

பாவம், அவனுக்குத் தெரியவில்லை. நல்ல செய்தி வந்ததால் மட்டும் அந்த எண் இறங்குவதில்லை. ஏதோ ஒன்று முடிவாகிவிட்டாலும் இறங்கும். என்ன அறிவித்தார்கள் என்று கேட்டேன்.

மார்ச் 24, 09:15
"அத்தான், கயல்ல எஞ்சின் கோளாறாம். எறக்குனா கப்பலே போயிருமாம். பாதி வழியில பூமிக்குத் திருப்பிட்டானுவ. கப்பல் தப்பிச்சிட்டுன்னுதான் பங்கு ஏறிருக்கு. கூண்டுல ஏறிட்டீயள்லா? அக்காட்ட என்ன சொல்லட்டும்?"

அடுத்த கப்பல் ஜூன். ஆக்சிஜன் 22 நாள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இலவசப் பட்டியல் பொய் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தையும் பாருங்கள்.

மார்ச் 24, 17:30
இன்றும் 19. யாருக்கும் சந்தேகமில்லை. சுகந்திக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாற்பது கிலோபைட்டும் அப்படியே இருக்கிறது. சுகந்தி, நான் கூண்டில் ஏறவில்லை.